படகை இரவல் தருகிறோம், காலணியை ஏன் தருவதில்லை?

பாய்மரப் படகோட்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் மாணவருக்கு முதல் வாரத்தில் ஒரு தாள் கிடைக்கும். நீச்சல் தெரியுமா, உடல்நலக் குறை ஏதும் உண்டா, பெற்றோர் கையொப்பம் எங்கே என்றெல்லாம் கேட்டுவிட்டு, கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஒரு வரி இருக்கும்: நனையக்கூடிய மூடிய காலணி. அவ்வளவுதான். படகு, பாய், சுக்கான், மிதவைச் சட்டை எல்லாவற்றையும் பயிற்சி நிலையம் தந்துவிடும். காலில் என்ன போடுவது என்பது மட்டும் மாணவர் பாடு, பெற்றோர் பாடு.

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் வார இறுதிகளில் தொடக்கநிலைப் பயிற்சிக்கு நான் உதவியாளராகச் செல்வதுண்டு. படகுகளை நீரில் இறக்கும் சாய்தளத்தின் ஓரம் நின்று, வருகிற கால்களைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பள்ளிக்குப் போட்டுத் தேய்ந்த வெள்ளைச் சப்பாத்து, அண்ணனின் பழைய ஓட்டக் காலணி, குரோக்ஸ், ரப்பர் சிலிப்பர், சில நேரம் வெறும் காலுறை. ஓரிருவர் காலில் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறும் கறுப்பு நியோப்ரீன் காலணி இருக்கும். யாருக்கு இந்த விளையாட்டு புதிது, யார் வீட்டில் இது ஏற்கெனவே பழக்கம் என்பதைப் பெயர் கேட்பதற்கு முன்பே கால் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் வாரத்துக்குள் சிலர் நின்றுவிடுவார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் துணைப்பாட வகுப்பு என்பார்கள். நேராகச் சொன்னவர்களும் உண்டு. பாதத்தின் மேற்புறம் தோல் உரிந்துவிட்டது, சாய்தளத்தில் வழுக்கி முட்டி பெயர்ந்துவிட்டது, இதற்கென்று தனியாக ஒரு காலணி கேட்க அம்மாவிடம் தயக்கமாக இருக்கிறது. படகோட்டம் பணக்காரர்களின் விளையாட்டு என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. படகின் விலையைக் கேட்டால் அது சரிதான். ஆனால் பள்ளி மாணவர் யாரும் படகு வாங்கப்போவதில்லை. அவரைத் தடுத்து நிறுத்துவது பல நேரங்களில் ஒரு சோடிக் காலணி.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதவைச் சட்டையை எப்படி இரவல் தருகிறோமோ அப்படியே காலணியையும் தர வேண்டும். படகில் காலணி அலங்காரமன்று, வசதிக்கு மட்டுமானதும் அன்று. அது பாதுகாப்புச் சாதனம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் புரிந்துகொள்ள, டிங்கி எனப்படும் சிறிய பாய்மரப் படகில் கால் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

பலரும் இன்னும் லேசர் என்றே அழைக்கும் ஐஎல்சிஏ படகை எடுத்துக்கொள்வோம். பென் டான் 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூருக்குத் தங்கம் வென்றது இந்த வகைப் படகில்தான். நீளம் சுமார் 4.2 மீட்டர். உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 59 கிலோ, அதாவது அதை ஓட்டும் ஆளின் எடைக்குப் பக்கத்தில். அதன் பெரிய பாய் 7 சதுர மீட்டர் பரப்புக் கொண்டது. காற்று வலுக்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். அதை நிமிர்த்துவதற்கு ஓட்டுபவர் தம் உடலையே எடைக்கல்லாக்கி, மறுபக்கத்தில் நீருக்கு மேலே சாய்ந்து தொங்க வேண்டும்.

சீசாவை நினைத்துக்கொள்ளுங்கள். தொடையின் பின்புறம் படகின் விளிம்பில் அழுந்தும் இடம் அதன் நடுத்தாங்கி. ஒரு பக்கம் இடுப்பு, நெஞ்சு, தலை எல்லாம் வெளியே தொங்குகின்றன. மறுபக்கத்தில் அத்தனை பாரத்தையும் இழுத்துப் பிடிப்பவை, படகின் நடுவில் நீளவாக்கில் கட்டப்பட்ட ஒரு பட்டைக்கு அடியில் செருகிய இரண்டு பாதங்கள். அழுத்தம் முழுவதும் பாதத்தின் மேற்புறத்தில் விழுகிறது. அங்கே சதை கிடையாது. எலும்பும் நரம்பும் அவற்றின் மேல் மெல்லிய தோலும்தான். வெறுங்காலுடன் பத்து நிமிடம் தொங்கினால் எரியும், அரை மணி நேரத்தில் தோல் போய்விடும், அதன்மேல் உப்புநீர் படும். படகோட்டக் காலணியின் மேற்புறத்தில் தடித்த ரப்பர் வரிகள் இருப்பது இதற்காகத்தான். அவை பாரத்தைப் பரப்புகின்றன, பட்டை நழுவாமல் பிடித்தும் வைக்கின்றன. கடைக்குச் செல்லும் மாணவர்கள் அடிப்பாகத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறார்கள். மேற்புறத்தையும் பாருங்கள்.

அடுத்தது, படகு திசை மாறும் நேரம். பாயின் கீழ்ச்சட்டமான பூம் தலைக்கு மேலே வீசி வரும்போது குனிந்து, ஒரு காலை எதிர்ப்பக்கம் ஊன்றி, உடலைத் திருப்பி உட்கார வேண்டும். இரண்டு மூன்று விநாடி வேலை. முதலில் ஊன்றும் அந்தக் கால் வழுக்கினால் ஆள் தாழ்ந்த பக்கத்தில் விழுவார். சாய்ந்துகொண்டிருக்கும் படகில் தாழ்ந்த பக்கத்தில் எடை கூடினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

படகு கவிழ்வது தவறில்லை. அது பயிற்சியின் ஒரு பகுதி. கவிழ்ந்த படகை நிமிர்த்த, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். அந்தப் பலகை குறுகலானது, வழவழப்பானது, நனைந்தது. அதன் விளிம்பு வெறும் பாதத்தை அறுப்பதுபோல் அழுத்தும். அமைதியான கடலில் இரண்டு மூன்று முறை வழுக்கினால் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று வரக்கூடும். மேற்கிலிருந்து திடீரென்று வந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மேகம் கறுப்பதைக் கண்டு பாதுகாப்புப் படகு எல்லாரையும் கரைக்குத் திரும்பச் சொல்லும்போது, கவிழ்ந்த படகின்மேல் முதல் முயற்சியிலேயே ஏற முடிவதும் ஐந்தாவது முயற்சியில் ஏறுவதும் ஒன்றல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சாய்தளம். வற்றும்போது வெளியே தெரியும் அதன் கீழ்ப்பகுதியில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். கொட்டலசும் சிப்பியும் ஒட்டி வளர்ந்த இடம் கத்தி முனைபோல் இருக்கும். கலங்கிய ஆழமற்ற நீரில் திருக்கை கிடக்கலாம். கல்லோடு கல்லாகக் கிடக்கும் ஸ்டோன்ஃபிஷ் என்ற நச்சுமீனும் நம் கரையோரங்களில் உண்டு. நல்ல காலணியும்கூட அதன் முள்ளை முழுமையாகத் தடுக்காது என்பதால், மணலில் கால்களைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கப் பழகுங்கள். படகோட்டத்தில் காயம் என்றால் கடலில் நேர்வது என்றுதான் நினைப்போம். நான் மருந்துப் பெட்டியைத் திறந்த தடவைகளில் பாதிக்கு மேல் கரையில்தான், முழங்கால் ஆழ நீரில்.

சரி, ஏன் ஒரு காலணி வழுக்குகிறது, இன்னொன்று பிடிக்கிறது? நனைந்த தளத்துக்கும் காலணிக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நிற்கிறது. அந்த நீர் விலக வழி இருந்தால்தான் ரப்பர் தளத்தைத் தொடும். மழையில் பேருந்தின் சக்கரத்துக்கு இருக்கும் அதே சிக்கல் இது. 1935ஆம் ஆண்டு பால் ஸ்பெரி என்ற அமெரிக்கப் படகோட்டி இதற்கு ஒரு விடை கண்டார். அவருடைய நாய் பனிக்கட்டியின்மேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, அதன் பாதத்தில் இருந்த நுண்ணிய பிளவுகளைக் கவனித்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. ரப்பர் அடிப்பாகத்தில் கத்தியால் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகளைப் போட்டுப் பார்த்தார். கால் ஊன்றும்போது அந்த வெட்டுகள் விரிந்து நீருக்கு வழிவிட, அவற்றின் விளிம்புகள் தளத்தைப் பற்றிக்கொண்டன. பின்னாளில் அமெரிக்கக் கடற்படையும் அவருடைய காலணிகளை வாங்கியது. இன்று படகுக் காலணி என்ற பெயரில் கடைத்தொகுதிகளில் விற்கும் தோல் சப்பாத்து அந்த வம்சம்தான். அதைப் போட்டுக்கொண்டு டிங்கியில் ஏறிவிடாதீர்கள். அது உலர்ந்த மேல்தளத்தில் நடப்பதற்கானது, இடுப்பளவு நீரில் இறங்குவதற்கானதன்று.

இதிலிருந்து தேர்வுக்கு ஒரு வழி கிடைக்கிறது. மென்மையான ரப்பர், தட்டையான அடிப்பாகம், நுண்ணிய வெட்டுகள். மலையேறும் காலணிபோல் ஆழமான பள்ளங்கள் சேற்றுக்கு நல்லவை. வழவழப்பான கண்ணாடியிழைத் தளத்தைத் தொடும் பரப்பை அவை குறைத்துவிடும், இடுக்கில் மணலையும் கொண்டுவந்து படகுக்குள் கொட்டும். ஓட்டக் காலணியின் அடிப்பாகம் சாலையில் தேயாமலிருக்கக் கடினமாகச் செய்யப்பட்டது. அதன் பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், அதன் பருமனால் பட்டைக்கு அடியில் நுழைய மறுக்கும். பள்ளிச் சப்பாத்து அதைவிடப் பரவாயில்லை. அதன் கயிறுதான் சிக்கல். முடிச்சு பட்டையில் மாட்டிக்கொண்டால், படகு கவிழும் நேரத்தில் காலை உருவுவது கடினம். அதை அணிந்துதான் ஆக வேண்டும் என்றால் கயிற்றை உள்ளே செருகி, மேலே ஒரு பழைய காலுறையை இழுத்துவிடுங்கள். குரோக்ஸும் சிலிப்பரும் வேண்டவே வேண்டாம். முதல் தடவை கவிழும்போதே அவை தனியாகப் பயணம் போய்விடும்.

கையில் காசு குறைவு என்றால், கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் மலிவான நீர்க்காலணியே தொடக்கத்துக்குப் போதும். அடிப்பாகம் மெல்லியது, மேற்புறப் பாதுகாப்பு இல்லை. இருந்தாலும் விரல்களை மூடும், கழன்று போகாது. பாதத்தின் மேற்புறத்துக்குத் தடித்த காலுறையை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். நியோப்ரீன் காலணி வாங்குவதாயிருந்தால் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமன் நமக்கு ஏற்றது. ஐந்து மில்லிமீட்டர் குளிர்நாட்டுக்காரர்களுக்கு. நம் கடல் நீர் கிட்டத்தட்ட 28 டிகிரிக்குக் குறைவதில்லை, இங்கே அது காலை வேகவைத்துவிடும். அளவு இறுக்கமாக இருக்கட்டும். நனைந்தால் நியோப்ரீன் சற்று நெகிழும், தளர்ந்த காலணிக்குள் நீர் தேங்கிக் கால் உள்ளேயே வழுக்கும். கடையில் வெறுமனே நடந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உட்கார்ந்து, பாதத்தை நாற்காலியின் குறுக்குக் கட்டைக்கு அடியில் செருகி மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கேதான் கடலிலும் வலிக்கும்.

வெறுங்கால்தான் சிறந்தது, படகின் அசைவு பாதத்தில் தெரியும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். சிலர் கட்டுமரத்தைக்கூடச் சான்றுக்கு இழுப்பார்கள். கட்டுமரம் நம் சொல்தான். அதுவே ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுகளுக்குப் பெயராக நிற்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுமரத்தில் வெறுங்காலோடு நின்ற மீனவரின் பாதம், சிறு வயதிலிருந்தே சுடுமணலிலும் உப்பிலும் காய்த்துப்போன பாதம். நம் பாதம் வீவக வீட்டின் பளிங்குத் தரையில் வளர்ந்தது. அசைவு தெரிய வேண்டும் என்பது நியாயமே. அதற்கு மெல்லிய அடிப்பாகமுள்ள காலணியே விடை.

இந்த விளையாட்டின் விதிகளில் சுவையான ஒரு செய்தியும் உண்டு. ஒரு காலத்தில் பந்தயக்காரர்கள் நீரை உறிஞ்சும் கனத்த மேலாடைகளை அணிந்து தங்கள் எடையைக் கூட்டிக்கொண்டார்கள். வெளியே தொங்கும் எடை கூடினால் வேகமும் கூடும் அல்லவா? முதுகெலும்புதான் விலை கொடுத்தது. இப்போது உலகப் படகோட்டப் பந்தய விதி 50, ஒருவர் அணியும் உடையும் கருவியும் சேர்ந்து 8 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. ஆனால் முழங்காலுக்குக் கீழே மட்டும் அணிபவை, காலணி உட்பட, இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

கைக்கும் உடம்புக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு நனைந்து ஓடும்போது உள்ளங்கையைச் சுடும். விரல் நுனி திறந்த படகோட்டக் கையுறை நல்லது. இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் ரப்பர் பூசிய வேலைக் கையுறையும் ஒரு பருவத்துக்குத் தாங்கும். தொடையின் பின்புறத்துக்கு உள்ளே பட்டிகள் வைத்துத் தைத்த அரைக்கால் சட்டைகள் உள்ளன. அவை பந்தயத்துக்குப் போகும் நாளில் யோசிக்க வேண்டியவை. வெயில் காப்புக் களிம்பு பூசிய கையால் படகின் தளத்தைத் தொடாதீர்கள், நீங்கள் வழுக்காவிட்டாலும் அடுத்து ஏறுபவர் வழுக்குவார். அதைவிட, கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடும் நீச்சல் மேல்சட்டையும் கணுக்கால் வரை வரும் இறுக்கமான காற்சட்டையும் மேல். இங்கே நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்கள் குறைவல்ல.

இந்த முழுநீள உடையைப் பற்றி நம் மாணவியர் வீடுகளில் கட்டாயம் பேச வேண்டும். கறுத்துப்போவாய், உடம்பு தெரிய உடுத்த வேண்டியிருக்கும் என்ற இரண்டு காரணங்களைச் சொல்லிப் பெண் பிள்ளைகளைத் தடுப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் காரணத்துக்கு நான் தரும் மதிப்பு மிகக் குறைவு. இரண்டாவது காரணம் உண்மையே இல்லை. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஆடக்கூடிய விளையாட்டு இது, வெயிலைப் பார்த்தால் அப்படித்தான் ஆடவும் வேண்டும். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிம்பர்லி லிம்மும் சிசிலியா லோவும் 49இஆர்எஃப்எக்ஸ் பிரிவில் தங்கம் வென்ற படங்களைத் தேடி அம்மாவிடம் காட்டலாம். கழற்ற வேண்டியது ஒன்று உண்டு. கொலுசு. அது பட்டையில் மாட்டும். மோதிரமும் அப்படியே. நீண்ட கூந்தலைப் பின்னி மேல்சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், கயிறு ஓடும் உருளைக்கு முடி என்றும் தெரியாது, கயிறு என்றும் தெரியாது. கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறு கையுறைக்குள் பத்திரமாக இருக்கும்.

இப்போது இரவல் விவகாரத்துக்கு வருகிறேன். பௌலிங் நிலையத்தில் யாரும் சொந்தக் காலணி கேட்பதில்லை. உள்ளரங்கப் பாறையேற்றக் கூடங்களிலும் பனிச்சறுக்குத் திடல்களிலும் காலணி வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கெல்லாம் காலணி இல்லாமல் விளையாட்டே இல்லை என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். படகோட்டத்தில் மட்டும் ஏன் அது தனிநபர் செலவாக இருக்க வேண்டும்? இணைப்பாட நடவடிக்கையாகப் படகோட்டத்தை வைத்திருக்கும் பள்ளிகளும், தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மன்றங்களும் ஒரு காலணிப் பெட்டி வைத்துக்கொள்வது பெரிய செலவன்று. ஒரு புதிய பாய் வாங்கும் தொகையில் ஒரு வகுப்புக்கே போதுமான காலணி வாங்கிவிடலாம்.

ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவதா என்ற தயக்கம் இயல்புதான். நியோப்ரீன் காலணி நாறும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் மிதவைச் சட்டையையும் ஆளுக்கு ஆள் மாற்றித்தானே அணிகிறோம்? மாணவர் தமக்கென்று ஒரு சோடி மெல்லிய காலுறை கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி, பயிற்சி முடிந்ததும் செய்யும் பத்து நிமிட வேலை. பொறுப்பாக இருக்க வேண்டும் என்றால் சொந்தப் பொருள் வேண்டும் என்று சொல்லும் பயிற்றுநர்களையும் சந்தித்திருக்கிறேன். பொதுப்பொருளைக் கழுவி வைப்பதில் வராத பொறுப்பு எதில் வரும் என்று எனக்குப் புரியவில்லை.

காலணி எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை மன்றத்துக்குள்ளேயே இருக்கிறது. 13 வயதில் வாங்கிய காலணி 14 வயதில் நுழையாது. அடிப்பாகம் தேய்வதற்கு முன்பே கால் வளர்ந்துவிடுகிறது. மூத்த மாணவர்களின் வீடுகளில், சலவை இயந்திரத்துக்குப் பின்னாலோ காலணி அடுக்கின் அடித்தட்டிலோ அவை கிடக்கின்றன. பழைய பாடநூல்களை இளையவர்களுக்குக் கொடுப்பதுபோல் அவற்றையும் கொடுக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயது மேக்ஸ் மேடர் காற்றாடிப் பலகைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு கடல் விளையாட்டுகளைப் பற்றி விசாரிக்கும் மாணவர்களை அதிகம் சந்திக்கிறேன். அவர்கள் முதல் நாள் வரும்போது அந்தப் பெட்டி திறந்திருக்க வேண்டும்.

பெட்டியைத் தொடங்க விரும்பும் மன்றங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். அளவை உள்பக்கத்தில் எழுதினால் அழிந்துவிடும், குதிகாலின் வெளிப்புறத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நல்ல நீரில் அலசி, கிருமிநாசினி கலந்த வாளியில் முக்கி எடுத்து, தலைகீழாக நிழலில் மாட்டுங்கள். நேர் வெயிலில் காயவைத்தால் நியோப்ரீன் விறைத்து, ஒட்டிய இடங்கள் விட்டுப்போகும். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் அடுத்த சனிக்கிழமை யாரும் அதைத் திறக்க முன்வர மாட்டார்கள். சிறிய அளவுகளைக் கூடுதலாகச் சேருங்கள். நான் பார்த்தவரை, பெட்டியில் எப்போதும் முதலில் தீர்ந்துபோவது உயர்நிலை ஒன்று மாணவர்களின் அளவுதான்.